காலி ஆசனமும் கண்திறவாச் சட்டமும்

நீர்வேலிச் சந்தியில் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பஸ் மிதிபலகை வரை நிறைந்து வருகிறது. வைத்தியசாலைத் தாதியும், கச்சேரி எழுதுவினைஞரும், ஆசிரியையும் கையை நீட்டியபடி நிற்கின்றனர். அவர்கள் முன்னாலேயே, ஒருவரை மட்டும் சுமந்த கார்கள் அதே பட்டினத்துக்கு விரைகின்றன. ஒரே வீதி, ஒரே நேரம், ஒரே இலக்கு. ஆயினும் ஆசனங்கள் காலி! இவ்விரயத்தை இன்னும் எத்தனை நாள் பொறுப்பது?

கூடிப் பயணஞ் செய்தல் நமக்குப் புதிதன்று. கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையே மனிதரையும் மரக்கறி மூட்டையையும் ஒருங்கே ஏற்றியோடிய தட்டிவானை மறந்தவர் யார்? 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடிய பழைய கார்களில் நெருங்கியிருந்து சென்றோம். 2022 இல் காருக்கு வாரம் 20 லீற்றர் என அரசு அளந்து கொடுத்தபோது, அயலவரின் அருமையை மீண்டும் உணர்ந்தோம். பஞ்சத்தில் பிறந்த ஒற்றுமை, பெற்றோல் கிடைத்ததும் கலைந்துவிடுவது அறிவுடைமையாகுமா?

கணக்கைப் பாருங்கள். நீர்வேலியிலிருந்து பட்டினம் சுமார் 10 கிலோமீற்றர். நால்வர் தனித்தனியே வாரம் 5 நாள் போய்வந்தால், கார்கள் ஓடுவது 400 கிலோமீற்றர். முறைவைத்து ஒரே காரிற் சென்றால் 100 கிலோமீற்றர் போதும்.

ஆனால் நாள்தோறும் தொழிலுக்குச் செல்பவர்க்கு, கிடைத்தபோது கிடைக்கும் உதவி பயன்படாது. புறப்படும் நேரம் நிலையாக இருத்தல் வேண்டும். செலவை மாதமுடிவிற் பகிர்தல் வேண்டும். ஒருவர் வராவிடின் மற்றொருவர் பொறுப்பேற்றல் வேண்டும். பெண்கள் அச்சமின்றி ஏறுவதற்கு, அறிமுகமுள்ளோர் பெயர்ப்பட்டியல் வேண்டும். இவற்றைச் செய்ய நமது சனசமூக நிலையங்களே போதும்.

இங்குதான் சட்டம் குறுக்கிடுகிறது. தனியார் கார்க் காப்புறுதிப் பத்திரங்களில், வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டலாகாது என்னும் நிபந்தனை வழக்கமாக உண்டு. அயலவர் கொடுக்கும் பெற்றோற் பங்கு கூலியா, உதவியா? விபத்தொன்று நேர்ந்த பின்னர் இவ்வினா எழுமாயின், ஏற்றியவரும் ஏறியவரும் ஒருங்கே நடுத்தெருவில் நிற்க நேரலாம். நல்லெண்ணத்துக்கு இதுவா பரிசு?

பிரித்தானியா இவ்வினாவுக்கு விடை கண்டுவிட்டது. அந்நாட்டின் 1988 ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 150 ஆம் பிரிவு, எட்டுப் பயணிகளுக்கு மேற்படாத வாகனத்தில், பயணத்துக்கு முன்னரே ஒழுங்கு செய்து, ஓட்டச் செலவுக்கு மேற்படாத பங்கைப் பெறுவது காப்புறுதியைப் பாதிக்காது எனத் தெளிவாகக் கூறுகிறது. 1951 இல் இயற்றப்பட்ட நமது மோட்டார் போக்குவரத்துச் சட்டத்திலும் இத்தகைய ஏற்பாட்டைச் சேர்ப்பதில் என்ன தடை?

பஸ் தொழிலாளரின் வயிற்றிலடிப்பதாகாதா எனச் சிலர் கேட்பர். நேர்மையான கேள்விதான். ஆனால் இலாபம் பெறாத பங்கீடு வேறு. களவாக வாடகைக்கு ஓடுவது வேறு. பின்னையதைத் தண்டியுங்கள், முன்னையதைக் காப்பாற்றுங்கள். பஸ்ஸின் தேவையும் இதனால் ஒழியாது. மாலையில் பணி பிந்தியவருக்கும், காரில் இடமற்ற மாணவருக்கும் பஸ்ஸே கதி. ஆகவே காலைவேளையில் மேலதிக பஸ் கோரும் குரலை நாம் ஒருகணமும் தாழ்த்தலாகாது.

பாராளுமன்றத்திலுள்ள எமது பிரதிநிதிகள் இத்திருத்தத்தைக் கோரட்டும். அதுவரை நாம் வாளாவிருக்க வேண்டியதில்லை. காருடையோர் நால்வர், காசு கைமாறாமல், நாளுக்கொருவராக முறைவைத்து ஓட்டலாம். நீர்வேலி தொடங்கட்டும், கோப்பாயும் புத்தூரும் பின்தொடரும்!