புது மூட்டுக்குப் பழைய பாடம்

ஆம்பூரில் ஓர் அம்மாளைப் பார்க்கப் போயிருந்தேன். இருபத்தைந்து வருஷம் ஷூ கம்பெனியில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து உழைத்தவர். முழங்கால் தேய்ந்துபோய், மூன்று வாரம் முன்பு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டார். முழங்காலுக்கு அடியில் மெத்தென்று ஒரு தலையணை! "இப்படி வைத்தால்தான் அம்மா சுகமாக இருக்கிறது" என்றார். எழுந்திருக்கலாம் என்றாலோ, "ஐயோ, வலிக்குமே!" என்று மகள் பதறுகிறாள். பாசத்தில் குறைச்சலே இல்லை.

நேயர்களே, அந்தத் தலையணை சிநேகிதன் வேஷத்தில் வந்த சத்துரு! முழங்கால் மடங்கியே கிடந்தால், மடங்கிய நிலையிலேயே இறுகிப்போகும். பிறகு காலை நேராக நீட்ட வராது. நடையில் சாய்வு விழும். வலியைப் போக்கச் செய்துகொண்ட ஆபரேஷன் பாதிப் பலனோடு நின்றுவிடும்.

டாக்டர் என்ன செய்கிறார்? தேய்ந்த எலும்பு முனைகளைச் சீவி, உலோகக் கவசம் பொருத்தி, இடையே வழுவழுப்பான கெட்டிப் பிளாஸ்டிக்கை வைக்கிறார். தச்சர் கதவுக்குப் புதுக் கீல் போடுகிற மாதிரிதான். கீல் புதிது, ஆனால் கதவைத் திறக்கக் கை வேண்டாமா? அந்தக் கை, தொடையின் முன்பக்கத் தசை. ஆபரேஷனுக்குப் பின் முதல் மாதத்தில் அதன் பலம் பாதிக்கும் கீழே இறங்கிவிடுவதாக அளந்து பார்த்திருக்கிறார்கள். போன பலத்தைத் திரும்பக் கொண்டுவருவது பயிற்சிதான்.

இந்தப் பாடம் நம் வேலூருக்குப் புதிதல்ல. டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்ததே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. 1946-ல் அங்கே வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். தசைநாணை இடம் மாற்றித் தைத்தால் மட்டும் போதாது. அந்தத் தசைக்குப் புது வேலையைப் பயிற்சியால் கற்பிக்க வேண்டும் என்பது அங்கே கண்ட உண்மை.

அங்கேயே இளம் டாக்டராக இருந்த மேரி வர்கீஸ், 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, கால்களை இழந்தவர் போலானார். அவர் மூலையில் முடங்கினாரா? இல்லை! சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே பிறர் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அதற்கென்றே ஒரு துறையை நடத்தினார். 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் மனவுறுதியில் அரைக்கால் பங்கு இருந்தால் போதும், நம் முழங்கால் பயிற்சிக்கு!

படுத்தபடி செய்வது: பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள், காலில் ரத்தம் கட்டாமல் இருக்க இது உதவும். சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைத்து (முழங்காலுக்கு அடியில் அல்ல!) முழங்காலைக் கீழ்நோக்கி அழுத்தி, ஐந்து எண்ணி விடுங்கள். பிறகு துண்டை எடுத்துவிட்டு, குதிகாலைப் படுக்கையில் தேய்த்தபடி மெல்ல இழுத்து மடக்குங்கள்.

உட்கார்ந்தபடி செய்வது: நாற்காலியில் அமர்ந்து காலை நீட்டுங்கள், பிறகு மடக்குங்கள். ஒவ்வொன்றும் பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை. உங்கள் டாக்டரோ பிசியோதெரபிஸ்டோ வேறு கணக்குச் சொல்லியிருந்தால் அதுவே கணக்கு.

படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில்.

சிறிது வலி இருக்கத்தான் செய்யும். டாக்டர் தந்த வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரைமணி முன்பு போட்டுக்கொள்ளலாம். முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸை கால்மணி நேரம் வையுங்கள். அன்றிரவு வீக்கம் ஏறினால் மறுநாள் பாதியாகக் குறையுங்கள், அடியோடு நிறுத்தாதீர்கள். யாரோ சொன்னார்கள் என்று எண்ணெய் போட்டு முரட்டுத்தனமாக நீவவும் வேண்டாம்.

தரையில் சம்மணமிடுவதும் குந்துவதும் டாக்டர் அனுமதித்த பிறகே. பூஜையானாலும் தொழுகையானாலும் நாற்காலியில் அமர்ந்து செய்யலாம். ஆண்டவன் கோபிக்க மாட்டார்.

கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, ஜுரம் கண்டாலோ, காயத்தில் நீர் கசிந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். மூச்சு முட்டினாலும் நெஞ்சு வலித்தாலும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆம்பூர் அம்மாளின் தலையணையை அன்றே எடுத்துவிட்டோம். மகளே பக்கத்தில் நின்று "ஒன்று, இரண்டு" எண்ண ஆரம்பித்தாள். முதல் நாள் அம்மாளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் பத்தையும் முடித்தார். போன வாரம் போய் விசாரித்தேன். ஆள் வீட்டில் இல்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போயிருக்கிறாராம், மகளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு!

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் படுத்திருந்தால், அவருக்காக இரக்கப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. இரக்கப்பட்டுக்கொண்டே பக்கத்தில் நின்று பத்து எண்ணுங்கள்.