பெட்டிக்குள் இருந்த படத்துக்குப் பரிசு

விருது என்றாலே எனக்குக் கொஞ்சம் அலர்ஜி. எங்கள் ஆபீஸ் ஆண்டு விழாவில் ஒரு முறை என்னை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு கப் கொடுத்தார்கள். கீழே இறங்கியதும் செயலாளரிடம், "எதுக்கு ஸார் இது?" என்று கேட்டேன். "ஒண்ணு மிச்சம் இருந்துது. வெச்சுக்குங்களேன்" என்றார். வீட்டில் அதில் இப்போது துணி கிளிப் போட்டு வைத்திருக்கிறோம்.

எல்லா விருதுமே இப்படித்தான் என்று நினைத்திருந்தேன், லாஸ் ஏஞ்சலீஸ் விமர்சகர்கள் கதை தெரியும் வரை.

நியூயார்க் விமர்சகர்கள் 1935-லேயே சங்கம் வைத்துவிட்டார்கள். ஹாலிவுட்டைக் கொல்லைப்புறத்தில் வைத்திருக்கும் லாஸ் ஏஞ்சலீஸ்காரர்கள் 1975-ல்தான் விழித்துக்கொண்டார்கள். வருஷா வருஷம் டிசம்பரில் கூடி, ஓட்டுப் போட்டு, சிறந்த படம் இன்னது என்று அறிவிப்பார்கள். ஆஸ்காருக்கு முன்னால் வருவதால், பட கம்பெனிகள் இதன்மேல் ஒரு கண் வைத்திருப்பார்கள்.

1985. டெர்ரி கில்லியம் என்ற டைரக்டர் 'பிரேஸில்' என்று ஒரு படம் எடுத்திருந்தார். அந்த நாட்டுக்கும் படத்துக்கும் சம்பந்தமில்லை. ஹீரோ ஒரு சர்க்கார் குமாஸ்தா. ஒரு ஈ மெஷினுக்குள் விழுந்து தொலைக்க, 'டட்டில்' என்ற பெயர் 'பட்டில்' என்று அச்சாகிவிடுகிறது. அவ்வளவுதான், சம்பந்தமே இல்லாத ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு போய் உயிரை வாங்கிவிடுகிறார்கள். ஃபைல்களோடு குடித்தனம் நடத்துகிற நமக்கு, இது கதை மாதிரியே தெரியாது.

முடிவு சோகம். அங்கேதான் வந்தது வம்பு. ஐரோப்பாவில் 142 நிமிஷப் படமாக ஓடியாகிவிட்டது. அமெரிக்க உரிமை வைத்திருந்த யூனிவர்சல் கம்பெனியோ, "நீளம் அதிகம், முடிவை சந்தோஷமாக மாத்து" என்றது. கில்லியம் மசியவில்லை. கம்பெனி தானே கத்தரி எடுத்து, காதலர்கள் சேர்கிற மாதிரி ஒரு வெர்ஷன் தயார் பண்ண ஆரம்பித்தது. படம் பெட்டிக்குள்.

கில்லியம் என்ன செய்தார் தெரியுமா? 'வெரைட்டி' பத்திரிகையில் ஒரு முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். காரியப் பத்திரிகை மாதிரி சுற்றிலும் கறுப்பு பார்டர். நடுவில், கம்பெனித் தலைவர் சிட் ஷைன்பெர்க்கின் பெயரைப் போட்டு, என் படத்தை எப்போது ரிலீஸ் பண்ணப் போகிறீர் என்று ஒரே ஒரு கேள்வி. ஒரு பக்கம் விமர்சகர்களுக்குச் சத்தமில்லாமல் படத்தைப் போட்டும் காட்டினார்.

டிசம்பர் வந்தது. அமெரிக்கத் தியேட்டருக்கே வராத படத்துக்கு ஓட்டுப் போடலாமா? போடக் கூடாது என்று சங்க விதியில் எங்கும் இல்லை. போட்டார்கள். சிறந்த படம், சிறந்த டைரக்‌ஷன், சிறந்த திரைக்கதை மூன்றும் 'பிரேஸில்'! அந்த வருஷம் யூனிவர்சல் பெரிதாக நம்பியிருந்த 'அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா'வைத் தாண்டி, அதே கம்பெனி பூட்டி வைத்திருந்த படத்துக்கு!

சில நாட்களில் பெட்டி திறந்தது. 132 நிமிஷம், டைரக்டர் சம்மதித்த முடிவோடு, நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலீஸிலும் ரிலீஸ்.

விமர்சகன் வேலை விமர்சனம் எழுதுவதுதானே, அடுத்தவன் சண்டையில் எதற்கு மூக்கை நுழைக்கணும் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் படத்தை ஜனங்கள் பார்த்தால்தானே அதை நல்லது, மோசம் என்று சொல்லவே முடியும்?

உடனே சுபம் போட்டுவிடாதீர்கள். படம் அமெரிக்காவில் வசூலில் படுத்துவிட்டது. ஆஸ்காரில் இரண்டு நாமினேஷன், பரிசு பூஜ்யம். சிறந்த படத்துக்கான ஆஸ்காரை 'அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா' தட்டிக்கொண்டு போனது. ஆனால், இன்று 'பிரேஸில்' என்றால் எல்லோரும் பார்ப்பது கில்லியமின் படத்தைத்தான். கம்பெனி வெட்டி ஒட்டிய 94 நிமிஷ சந்தோஷ வெர்ஷன், பிற்பாடு வந்த ஒரு டிஸ்க்கில் ஓசி இணைப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது.

விருதுகள் பெரும்பாலும் ஏற்கெனவே மேடையில் இருப்பவருக்குத்தான் இன்னொரு மாலை போடும். அந்த விமர்சகர்கள், உள்ளே பூட்டி வைத்திருந்த ஒருத்தனை வெளியே கூப்பிட்டார்கள். அதைக்கூட, மிச்சம் இருந்த கப்பைக் கொடுத்துச் செய்யவில்லை.