துருக்கி வாளும் கச்சான் காற்றும்

எர்துருல் தொடரைப் பார்த்துவிட்டு "எனக்கும் அப்படி ஒரு வாள் வேணும்" என்று சொல்லும் பெடியளை நாங்கள் கேலி செய்யப்போவதில்லை. திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் அப்படியான ஆக்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். கடையில் வாங்கினால் கிடைப்பது பெரும்பாலும் சுவரில் கொழுவுகிற மினுக்கத் தகடு. கையால் செய்யுங்கள் என்பதுதான் எங்கட கட்சி. ஆனால் யாரிடம் பழகி, எதற்காகச் செய்வது என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

துருக்கியர் கிலிச் என்று சொல்லும் வாள் வளைந்தது. நுனிப்பக்கம் அகன்று, அங்கே மட்டும் இரு பக்கமும் கூர் இருக்கும். அந்தப் பகுதிக்கு யல்மான் என்று பெயர். நுனியில் பாரம் கூடினால் குதிரையில் இருந்து வீசும் வெட்டு ஆழமாக இறங்கும். வடிவம் மத்திய ஆசியக் குதிரை வீரர்களிடம் இருந்து வந்தது, சரி. உருக்கின் கதை வேறு. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில் சரந்தீப் உருக்கைக் குறிப்பிடுகிறார். சரந்தீப் எங்கட தீவுதான். தென்னிந்தியாவிலும் இங்கேயும் மூசையில் வைத்து உருக்கிய, கரிமம் கூடிய உருக்குக்கு மேற்காசியாவில் பெரிய மதிப்பு. அதை அடித்து நீட்டினால் அலகில் தண்ணீர் அலை மாதிரி வரி விழும். பாரசீக, ஒட்டோமன் வாள்களில் உயர்ந்தவை பல அந்த வகை உருக்கில் அடித்தவை.

பலாங்கொடைப் பக்கம் சமனலவெவவில் ஜில் ஜூலெஃப் ஆராய்ந்த உலைகள் இன்னும் ஆச்சரியம். 1996இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். மேற்கு பார்த்த மலைச்சரிவில் வரிசையாக உலைகள், துருத்தி கிடையாது, தென்மேற்குப் பருவக்காற்றே ஊதியது. அதே காற்றுத்தான் மலை தாண்டி, ஈரம் இழந்து, கச்சானாக எங்களிடம் வருகிறது. ஆடி மாத மத்தியானத்தில் நாங்கள் திட்டித் தீர்க்கிற காற்று!

அதனால் வெளிநாட்டு உருக்குக்குக் காசு கட்டத் தேவையில்லை. பழைய லொறி ஸ்பிரிங் பிளேட் போதும். சிரட்டைக்கரி உலையில் காய்ச்சி அடித்து, வளைவெடுத்து, அரத்தால் சீர்செய்து, காந்தம் ஒட்டாத சூடு வந்ததும் எண்ணெயில் தோய்க்க வேண்டும். தண்ணியில் தோய்த்தால் வெடிக்கக்கூடும். பிறகு மெல்லிய சூட்டில் வைக்கோல் நிறம் வரும்வரை பதம் இறக்காவிட்டால், விழுந்தாலே முறியும். வாசிக்க லேசு. அந்தச் சூட்டின் நிறத்தைக் கண்ணால் பிடிக்கப் பழக்குவது கொல்லர் மட்டும்தான், வீடியோ இல்லை. ஆனால் துருக்கிக் கொல்லனை ரசிக்கிற எங்கட வீடுகளில்தான் "பட்டறை வேலை படிப்பு ஏறாதவனுக்கு" என்ற பேச்சும். இதில் சாதியும் இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. பட்டறைக்குப் போகிறவர் ஓசியில் பழகக் கூடாது. நாட்கூலி குடுக்க வேணும். வாளில் பெயர் வெட்டுவதென்றால் கொல்லரின் பெயரையும் வெட்டுங்கள்.

கூர் மட்டும் வைக்க வேண்டாம். வடக்கில் 'வாள்வெட்டு' என்பது செய்தித்தாளின் வழக்கமான தலைப்பு. நாட்டுக் கொடியில் சிங்கத்தின் கையிலும் வாள்தான். இந்த ஊரில் வாளை வெறும் கலைப்பொருளாக மட்டும் பார்க்க எல்லாராலும் ஏலாது. கூரான வாளோடு பஸ்ஸில் ஏறினால் பொலிசுக்கு என்ன விளக்கம் சொல்வீர்கள்?

முதல் ஆறு மாதம் வாளையே தொடாதீர்கள். மீன் வெட்டுற கத்தி ஒன்று அடித்துச் சந்தையில் குடுங்கள். பதம் சரியோ பிழையோ என்று மீன்காரர் இரண்டு நாளில் சொல்லிவிடுவார்.