பழைய இரும்பு என்று நிறுக்க முதல்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். சோனகதெருவில் பழைய இரும்பு வியாபாரம் செய்கிற காக்காமாரும் நானாமாரும் கட்டாயம் கடைசி வரைக்கும் வாசிக்க வேண்டும்.

கொழும்புத்துறையில் படிப்பிக்கிற எங்களுக்கு வரலாறு எட்டாம் வகுப்பு. போன தவணையில் பிள்ளைகளுக்கு ஒரு செயற்றிட்டம் கொடுத்தோம். பள்ளிக்கூடம் வருகிற வழியில் 40 வயதுக்கு மேற்பட்ட, ஆனால் இன்றைக்கும் உழைக்கிற வாகனத்தைக் கண்டால் கொப்பியில் எழுத வேண்டும். என்ன வகை, என்ன இலக்கம், என்ன ஏற்றிப் போனது, எந்தப் பக்கம் போனது. அவ்வளவுதான். சூழலையே பாடப்புத்தகமாக எடு என்று ஆசிரியர் கலாசாலையில் சொல்லித் தந்ததை நம்பிச் செய்த வேலை. இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை.

கார்கள் ஒரு கிழமையிலேயே பிள்ளைகளுக்கு அலுத்துவிட்டன. ஒஸ்ரின் ஏ-40, மொரிஸ் மைனர், கேம்பிரிட்ஜ் எல்லாம் யாழ்ப்பாணத்தில் எவர் கண்ணிலும் படும். அதோடு அவற்றுக்கு இப்போது நல்ல காலம். கலியாண வீட்டுக்குப் பூக்கட்டி வாடகைக்கு ஓடுகின்றன. கொழும்பில் இருந்தும் வெளிநாட்டில் இருந்தும் வருகிறவர்கள் விலை கேட்டுக்கொண்டு திரிகிறார்கள். லொறியை அப்படி ஒருவரும் கேட்பதில்லை. மாப்பிள்ளையை லொறியில் ஏற்ற யார் சம்மதிப்பார்கள்?

பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டது லொறிதான். ஒரு தவணையில் 11 லொறி எழுதினார்கள். பெட்போர்ட், லெயிலண்ட், பழைய டாட்டா 1210. வாடிப் பக்கத்துப் பையன் ஒருவன் வகுப்பில் இருந்தபடியே, "சேர், பெட்போர்ட் வருது" என்பான். சந்தி திரும்பி லொறி முகம் காட்ட முதல் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவான். கணித பாடத்தில் அவனுக்கு 18 புள்ளி. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுவோம்.

பெட்போர்ட் என்பது இங்கிலாந்தில் லூட்டன் நகரத்து வொக்ஸ்ஹோல் கொம்பனி 1931இல் தொடங்கிய லொறிப் பெயர். பிள்ளைகள் அதிகம் எழுதியது மூக்கு நீண்ட ரீஜே வகை. 1958இல் வந்தது. முகப்பில் பெயர் எழுத்தெழுத்தாகப் பதித்திருக்கும். மூக்கே இல்லாமல் முகம் தட்டையாக இருந்தால் அது ரீகே. எங்கள் தெரு ஆக்களுக்கு இது புதிதல்ல, ஆனால் பிள்ளைகளுக்குப் புதிது. ரீஜே வகையை இங்கிலாந்துக்காரர்களே வாங்குவதை விட்ட பிறகும் எங்களைப் போன்ற நாடுகளுக்காக அங்கே செய்துகொண்டிருந்தார்கள். பாகிஸ்தானில் ராக்கெட் என்று செல்லப்பெயர் வைத்து, உடம்பு முழுக்கப் பூவும் மயிலும் கீறி ஓட்டுகிறார்களே, அதுவும் இந்தப் பெட்போர்ட்தான். 1987இல் தொழிற்சாலை கைமாறி, பிறகு மூடுப்பட்டும் போய்விட்டது. செய்தவன் கடையைப் பூட்டி முப்பது வருசத்துக்கு மேலாகியும், அவனுடைய லொறி கொழும்புத்துறை வீதியால் பனங்குற்றி ஏற்றிப் போகிறது.

பிரித்தானியாவிலும் இப்படிப் பழைய லொறிகளைத் தேடிக் குறிப்பெடுக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒவ்வொரு வருசமும் மே மாதத்தில் லண்டனில் இருந்து பிரைட்டன் கடற்கரைக்குப் பழைய லொறிகள் வரிசையாக ஓடிப் போகும். 40 வருசம் கடந்த வாகனத்துக்கு அங்கே வீதி வரியும் இல்லை. என்றாலும் அப்படித் தேடுகிறவர்களுக்கு மினுக்கி வைத்த லொறியைக் காண்பது பெரிய விசயமில்லை. பாரம் ஏற்றி, சேறு பட்டு, கூலிக்கு ஓடுகிற பழைய லொறியைக் கண்டால்தான் சந்தோசம். அங்கே அது அபூர்வம். பனிக்காலத்தில் வீதிக்குப் போடுகிற உப்பே பாதி லொறியைத் தின்றுவிடும். எங்களுக்கு உப்பு வீதியில் இல்லை, காற்றில் வருகிறது. கொழும்புத்துறைக் கரையில் நாலு மாதம் நிறுத்திவைத்த லொறியின் அடித்தகட்டைப் பார்த்தால் தெரியும்.

அங்கே ஆசைக்கு வைத்திருக்கிறார்கள். இங்கே வேறு வழி இல்லாமல் வைத்திருந்தோம். இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டு "யாழ்ப்பாணத்தாருக்குப் பழசில் எவ்வளவு பாசம்" என்று படம் போடுகிறவர்களைக் கண்டால் எங்களுக்குக் கோபம் வரும். பாசத்தில் ஒருவரும் மண்ணெண்ணெயில் கார் ஓட்டவில்லை. 1990இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, பற்றறி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. கபிறேற்றருக்கு நாலு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினார்கள். உடைந்த பாகத்தை லேத்துப் பட்டறையில் கடைந்து போட்டார்கள். புது வாகனத்தில் அதைச் செய்திருக்க முடியாது. பழைய இங்கிலீஸ் இஞ்சின் என்றபடியால்தான் சரிவந்தது. கண்டதைக் கொடுத்தாலும் இருமிக்கொண்டு ஓடும்.

பிள்ளைகளின் கொப்பியில் ஒரு பெட்போர்ட் ஒன்பது தரம் வந்திருந்தது. அதன் சொந்தக்காரர் எங்கள் பள்ளிக்குக் கிட்டவே இருக்கிற, எழுபது கடந்த ஒரு ஐயா. ஒரு பின்னேரம் நாலு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். லொறியைச் சுற்றிப் பார்த்தோம், இலக்கத் தகட்டைப் படம் எடுத்தோம். ஐயா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் பெயரைக் கேட்டார். சொன்னோம். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"மாஸ்ரர், உங்கட ஆக்கள் விட்டிட்டுப் போன லொறியோ எண்டு பாக்க வந்தனீங்களோ?"

பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. எங்களுக்கு விளங்கியது. 1990 ஒக்டோபர் 30 அன்று இரண்டு மணித்தியால அவகாசத்தில் நம் சனம் வெளியேற்றப்பட்டபோது வீடு, கடை, நகையோடு வாகனங்களும் போயின. நம்மில் எத்தனை பேர் புத்தளத்து அகதி முகாமில் பிறந்தவர்கள்! எங்கள் மூத்தாப்பாவிடமும் ஒரு பெட்போர்ட் இருந்தது. அதன் இலக்கத்தை வாப்பா இன்றைக்கும் பாடமாகச் சொல்லுவார். பழைய லொறி ஒன்று பக்கத்தால் போனால் முதலில் இலக்கத்தைப் பார்க்கிற பழக்கம் எங்களுக்கும் உண்டு. அதை மறைத்து என்ன பயன்?

ஆனால் அன்றைக்கு நாங்கள் அதற்குப் போகவில்லை. ஐயாவுக்கு அதைத்தான் சொன்னோம். உரிமை கேட்க வரவில்லை, இந்தப் பிள்ளைகள் எழுதுகிறார்கள், பாருங்கள் என்று கொப்பியைக் கொடுத்தோம். தன் லொறியை ஒன்பது தரம் எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரித்தார். "இவன் ஒருநாள் ரண்டு தரம் எழுதியிருக்கிறான், நான் அண்டைக்கு ஒரு நடைதான் போனனான்" என்று பிழையும் பிடித்தார். பிறகு உள்ளே போய் லொறியின் புக்கை எடுத்துவந்தார்.

அந்தப் புக்கைப் பற்றி எழுதத்தான் இவ்வளவும் எழுதினோம். பழுத்துப்போன தாள், மடிப்பில் எல்லாம் ரேப் ஒட்டியிருக்கிறது. அதில் சொந்தக்காரர்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. முதலாவது ஒரு புகையிலை வியாபாரி. இரண்டாவதும் மூன்றாவதும் தென்மராட்சி விலாசம். நாலாவது பெயர் சோனகதெருவைச் சேர்ந்த ஒருவர். அவர் 1974இல் ஐயாவுக்கு விற்றிருக்கிறார். காசு வாங்கி, கையெழுத்து வைத்து, ஒழுங்காக விற்றது. "நல்ல மனிசன், ஆயிரம் ரூவா பிறகு தா எண்டு விட்டவர்" என்றார் ஐயா. மைப்பேனையால் எழுதிய அந்த ஐந்து வரியில், நாம் ஒருவருக்கொருவர் லொறி விற்று, கடன் சொல்லி, நம்பி வாழ்ந்த யாழ்ப்பாணம் கிடக்கிறது. எட்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் அது இல்லை.

அதே லொறிதான் 1995 ஒக்டோபர் 30 இரவு சனத்தை ஏற்றிக்கொண்டு தென்மராட்சிக்குப் போனது. திகதியைக் கவனியுங்கள். நம் சனம் போய்ச் சரியாக ஐந்து வருசம். வலிகாமம் முழுதும் ஒரே வீதியில் நின்ற இரவு. "அரியாலை தாண்டி நாவற்குழிப் பாலம் பிடிக்க விடிஞ்சு போச்சு, தம்பி. லொறிக்குள்ள எத்தினை பேர் எண்டு எனக்கே தெரியாது" என்றார். பிள்ளைகளில் ஒருத்தி, "என்ர அம்மம்மாவும் அண்டைக்கு லொறியிலதான் போனவ" என்றாள். எந்த லொறி என்று அவளுக்குத் தெரியாது.

இப்போது விசயத்துக்கு வருவோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதால் கிழட்டு லொறிகளுக்கும் ஐந்து வருசம் ஆயுள் கூடியது. 2022இல் டீசல் வரிசையில் புது லொறியோடு சேர்ந்து அவையும் நின்றன. 2025 தொடக்கத்தில் இறக்குமதி திரும்பத் திறந்துவிட்டது. இனிப் பழையதை வைத்திருந்து திருத்துவது கட்டாது. எழுதி வைத்த 11இல் இரண்டு இந்தத் தவணைக்குள்ளேயே வீதியில் இல்லை. விசாரித்தால், வெட்டியாகிவிட்டது. வெட்டியது யார்? பழைய இரும்பு எடுக்கிற நம் ஆக்கள்தான்.

குற்றம் சொல்லவில்லை. திரும்பி வந்தபோது நமக்குக் கடை இல்லை, முதல் இல்லை. தராசும் ஒரு லாண்ட்மாஸ்ரரும் இருந்தால் தொடங்கக்கூடிய தொழில் அது. அந்த வருமானத்தில்தான் நம் பிள்ளைகள் பலர் படிக்கிறார்கள். சொந்தக்காரருக்கும் காசு தேவை. ஓடாத லொறியை அருங்காட்சியகத்தில் வை என்று சொல்லுவது லேசு. கூரைக்கு யார் காசு கொடுப்பது?

எல்லா லொறியையும் ஓட விடு என்றும் சொல்லமாட்டோம். 11இல் ஒன்றில் கிளீனர் பொடியன் மரக்கட்டையோடு பின்னால் தொங்கிக்கொண்டு வருவான். லொறி நின்றதும் குதித்து சில்லுக்கு அடை வைப்பான். பிறேக் அப்படி. பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூட வாசலால் போகிற லொறி அது. பழசு என்பதற்காக அதற்கு வக்காலத்து வாங்க நாங்கள் தயாரில்லை. அதைத் திருத்த வேண்டும், இல்லையென்றால் நிறுத்த வேண்டும்.

காஸ் கட்டரைக் கொளுத்த முதல் ஒரு நாள் தாருங்கள். நாங்கள் கேட்பது இதுதான். லொறியை நாலு பக்கமும் படம் எடுக்கவும், சேசிஸ் இலக்கத் தகட்டை உரசித் துடைத்து எழுதவும், புக்கின் எல்லாப் பக்கத்தையும் ஸ்கான் எடுக்கவும் ஒரு நாள் போதும். புக்கில் இருக்கிற விலாசங்களை மறைத்து, சொந்தக்காரரின் சம்மதத்தோடு நூலக நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். ஓலைச்சுவடியில் இருந்து கல்யாண மலர் வரைக்கும் சேர்க்கிறவர்கள் லொறிப் புக்கை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள் என்று நம்புகிறோம். இன்னொன்று, கியர்ப்பெட்டி, டிப்ரென்சல் போன்றவற்றை வெட்டாமல் கழற்றி வையுங்கள். மிச்ச லொறிக்காரர் இரும்பு விலைக்கு மேலே தந்து எடுப்பார்கள். கேட்டுப் பார்த்துத்தான் சொல்கிறோம்.

லொறி வைத்திருக்கிற ஐயாமாருக்கும் ஒரு சொல். இலக்கத்தை எழுதினால் பின்னால் வழக்கு வரும் என்று பயப்படாதீர்கள். தன் லொறியை எங்கேயாவது கண்டால் நம் ஆளுக்கு நெஞ்சு வலிக்கும்தான். அது உண்மை. அதற்கான கணக்கு வழக்கு இந்தக் கொப்பியில் இல்லை. கொப்பி பிள்ளைகளுடையது.

ஐயாவின் பெட்போர்ட்டும் மாத முடிவில் போகிறது. மகன் சின்ன லொறி ஒன்று எடுக்கிறாராம். எடுத்து வெட்டப்போகிறவர் நமது தெருக்காரர். பேசினோம், ஞாயிறு பின்னேரம் வரைக்கும் பொறுப்பதாக ஒத்துக்கொண்டார். ஞாயிறு காலை 7 மணிக்குப் பிள்ளைகளோடு போகிறோம். ஒரு தரம் ஸ்ராட் பண்ணிக் காட்டுவதாக ஐயா சொல்லியிருக்கிறார். சத்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று அந்த 18 புள்ளிக்காரன் நிற்கிறான். லொறியில் இருந்த பற்றறி போன கிழமை செத்துவிட்டது. பாரமான லொறிப் பற்றறி ஒன்று அரை நாள் இரவல் தரக்கூடியவர்கள் சனிக்கிழமை மஃரிபுக்கு முதல் எங்களுக்கு ஒரு கோல் எடுங்கள். வந்து ஏற்றிப் போய், அன்றைக்கே திருப்பிக் கொண்டுவந்து தருகிறோம்.