எண் தீர்ப்பாகிவிடாது!



கால் காணி நிலம் வாங்குகிறார் ஓர் உழவர். பத்திரம் எழுதி முடிந்ததும், எழுத்தறியாதவர்கூட, "படித்துக் காட்டுங்கள்" என்கிறார். நான்கெல்லை சரியா, சர்வே எண் சரியா, தகப்பன் பெயர் சரியா என்று ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டுத் தெளிந்த பிறகே கைநாட்டு வைக்கிறார். வாக்காளர் பட்டியல் வெளிவந்தால், நம் கிளைத் தோழர்கள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அமர்ந்து, மாண்டவர் பெயர் இருக்கிறதா, இருப்பவர் பெயர் விடுபட்டதா என்று வரி வரியாகத் துருவுகிறார்கள். மண்ணுக்கு இத்தனை விழிப்பு. வாக்குக்கு இத்தனை விழிப்பு! ஆனால், தன் உடலில் ஓடும் செங்குருதியைப் பற்றி எழுதப்பட்ட சீட்டொன்று கைக்கு வருகிறதே, ஆய்வகத்தார் தருகிறார்களே ஒரு தாள், அதை மட்டும் நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. நான்காக மடிக்கிறோம், சட்டைப் பையிலே செருகுகிறோம், மருத்துவர் மேசைமீது வைத்துவிட்டு, அவர் புருவம் உயர்கிறதா, உதடு பிதுங்குகிறதா என்று அவர் முகத்தைப் படிக்கிறோம்!

குருதி நம்முடையது, கொடுத்த காசு நம்முடையது, சீட்டும் நம்முடையது. படித்திடும் உரிமை மட்டும் பிறருக்கோ?

"ஆங்கிலத்தில் அல்லவா அடித்துத் தருகிறார்கள்! நமக்கென்ன விளங்கும்?" என்பீர்கள். தமிழன் குருதியைப் பற்றித் தமிழில் எழுதித் தந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கத்தான் வேண்டும். அந்த வழக்கை வேறொரு நாள் பேசுவோம். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். எனக்கே விளங்குகிற அளவுக்கு எளியதுதான் அந்தச் சீட்டின் அமைப்பு. முதலில் சோதனையின் பெயர்; அடுத்து உங்கள் எண்; அதற்கடுத்து 'இயல்பு' என்று அவர்கள் கருதும் எல்லை. எல்லைக்கு வெளியே எண் விழுந்தால் தடித்த எழுத்தில் இருக்கும். அல்லது பக்கத்திலே ஓர் உடுக்குறி மினுக்கும். அந்தக் குறியைக் கண்டதுந்தான் குடும்பமே கலங்குகிறது, கோர்ட்டில் தண்டனை படிக்கப்பட்டதுபோல!

தண்டனையா அது? எண்ணிப் பாருங்கள். எல்லையை வகுத்தது எப்படி? சோதனைகள் பலவற்றுக்கு முறை இதுதான்: நோயற்ற மக்கள் பலரைத் திரட்டுகிறார்கள், அளக்கிறார்கள், நடுவிலே நூற்றுக்கு 95 பேர் அடங்குகிற பகுதியை 'இயல்பு' என்று கோடு கிழிக்கிறார்கள். மிஞ்சிய 5 பேர்? அவர்களும் நோயற்றவர்களே! கோட்டுக்கு வெளியே நின்ற குற்றம் தவிர வேறு குற்றம் அறியாதவர்கள்.

இப்போது கணக்கைச் சற்று நீட்டுங்கள். ஒன்றோடொன்று தொடர்பற்ற 20 சோதனைகளை நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவருக்குச் செய்தால், ஒன்றிலேனும் அந்த உடுக்குறி விழுவதற்கு 100-க்கு 64 வாய்ப்பு! "முழு உடல் பரிசோதனை, எழுபது சோதனை, சலுகை விலை, இன்றே வாரீர்!" என்று சுவரெல்லாம் விளம்பரம் காண்கிறோமே, அந்தச் சலுகையின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. எழுபது கண்ணியுள்ள வலையை விரித்தால் ஏதேனும் ஒரு கண்ணியில் கால் சிக்கத்தான் செய்யும். சிக்கியதும், "இன்னொரு சோதனை பார்த்துவிடுவோம், ஒரு ஸ்கேன் எடுத்துவிடுவோம்" என்று தொடர்கதை. திடலிலே ஆட்டம் காட்டுகிறவன் முதல் ஆட்டத்தை ஏன் இலவசமாக ஆடவிடுகிறான் என்பது நமக்குத் தெரியாததா?

மருத்துவரைப் பழிக்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள். இந்தக் கணக்கு மருத்துவம் பயின்றோரையே மயக்கிய கணக்கு. 1978-ல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மருத்துவமனைகளில் 60 பேரிடம், மருத்துவர்களும் மாணவர்களுமாக, ஒரு வினா விடுத்தனர். ஆயிரத்தில் ஒருவருக்கு வருகிற நோய். நோயற்றவரிலும் 100-க்கு 5 பேரை 'நோயாளி' என்று தவறாகக் காட்டுகிற சோதனை. அறிகுறி ஏதும் அறியாத ஒருவருக்கு அந்தச் சோதனை 'உண்டு' என்கிறது. உண்மையில் அவருக்கு நோய் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? மிகுதியானோர் தந்த ஒரே விடை, "100-க்கு 95." சரியான விடை, 100-க்கு 2! ஆயிரம் பேரைச் சோதித்தால் மெய்யான நோயாளி ஒருவர்; பொய்யாகப் பிடிபடுவோர் ஏறத்தாழ 50 பேர்; ஆக, பிடிபட்ட 51 பேரில் ஒருவருக்குத்தான் நோய். 60 பேரில் சரியாகச் சொன்னவர்கள் 11 பேர்.

எனவே, சோதனை என்பது ஐயம் எழுந்த இடத்தில் கேட்கப்படுகிற கேள்வி. இருமல், எடை குறைவு, மாலைக் காய்ச்சல் இவற்றைக் கண்டு மருத்துவர் ஐயுற்றுக் கேட்கும்போது சோதனையின் விடைக்கு எடை உண்டு. ஐயமே இல்லாத இடத்தில், விலைப்பட்டியலைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு வரும் விடை, வழிப்போக்கனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியதைப் போன்றது.

கேள்வியே தவறாகிப்போன கதை ஒன்றும் உண்டு. ஏழை வயிற்றில் அடித்த கதை அது. காசநோய்க் கிருமியைக் கண்டதாக ராபர்ட் காக் உலகுக்கு அறிவித்தது 1882 மார்ச் 24. அன்று முதல், சளியிலே கிருமி இருக்கிறதா என்று தேடுவதே நேர்வழி. அதை விட்டுவிட்டு, இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடிக் காசநோயைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லிக்கொண்டு சோதனைப் பெட்டிகள் சந்தைக்கு வந்தன. பெரும்பாலானவற்றைச் செய்தவை ஐரோப்பாவும் வட அமெரிக்காவும். எந்த நாட்டுக் கட்டுப்பாட்டு அமைப்பும் ஏற்காத சரக்கு அது. சட்டக் காவல் தளர்ந்த நாடுகளே அதற்குச் சந்தை! ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சோதனைகள். ஒரு சோதனைக்கு 30 டாலர் வரைகூடக் கொடுத்த நோயாளிகள்! நோயிருப்பவனை 'இல்லை' என்று வீட்டுக்கு அனுப்பியது. நோயில்லாதவனை 'உண்டு' என்று மாதக்கணக்கில் மருந்து விழுங்க வைத்தது. 2011 ஜூலையில் உலக நல நிறுவனம், "பயன்படுத்தாதீர்" என்று வெளிப்படையாக எச்சரித்தது. 2012 ஜூனில் இந்திய அரசு அந்தப் பெட்டிகளின் உற்பத்தி, விற்பனை, இறக்குமதி அத்தனையையும் தடை செய்தது. தடை வந்த நாள்வரையில் அந்தச் சீட்டுகளிலும் எண் இருந்தது, எல்லை இருந்தது, கையொப்பமும் இருந்தது!

டைபாய்டுக் காய்ச்சலுக்கு 'வைடால்' என்று ஒரு சோதனை. 1896-ல் பிரான்சு நாட்டு வைடால் கண்ட முறை. ஒரே ஒரு முறை குருதி எடுத்து, "டைபாய்டு உறுதி" என்று இன்றும் எழுதித் தருகிறார்கள். என்றோ வந்து போன காய்ச்சலும், போட்டுக்கொண்ட தடுப்பூசியும், வேறு கிருமியும்கூட அதை 'உண்டு' என்று சொல்லவைக்கும். மருந்து தொடங்குமுன் குருதியை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்ப்பதே மேலான வழி. அதற்கு நாள் பிடிக்கும், நமக்கோ பொறுமை பிடிக்காது!

'உண்டு' என்பதைப் போலவே 'இல்லை' என்பதும் ஏமாற்றும். அதுதான் உயிரைக் குடிக்கும் ஏமாற்று. நெஞ்சு வலிக்கிறது, இடக்கை கனக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது. இ.சி.ஜி. எடுக்கிறார்கள், கோடுகள் ஒழுங்காக இருக்கின்றன. "வாயுத் தொல்லைதான்" என்று எழுந்து வீட்டுக்கு வந்துவிடுகிறார்! நாடகமாக இருந்தால் அடுத்த காட்சியில் நல்ல செய்தி எழுதிவிடுவேன். வாழ்க்கையில் அப்படி எழுதித் தருவார் இல்லை. மாரடைப்பின் தொடக்கத்தில் முதல் இ.சி.ஜி. இயல்பாகவே இருக்கக்கூடும். இதயத் தசை சிதைவதைக் காட்டும் டிரோபோனின் என்னும் பொருள் குருதியில் ஏறுவதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். ஆகவேதான், வலி மெய்யென்றால் மீண்டும் எடுத்துப் பார்க்கிறார்கள். "ஒரு தடவை பார்த்தாயிற்றே" என்று மல்லுக்கு நிற்காதீர்கள். அங்கே இரண்டாவது சோதனை கொள்ளையன்று, காவல்!

எண் ஒன்றே, மனிதர் இருவர் என்றால் பொருளும் இரண்டு. சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின் பார்க்கிறார்கள் அல்லவா? தசை தேய்வதால் பிறந்து, சிறுநீரகத்தால் வெளியேற்றப்படும் கழிவு அது. 25 வயதுக் கட்டிளங்காளைக்கு 1.1, 75 வயது மூதாட்டிக்கும் 1.1. இருவர் சீட்டிலும் உடுக்குறி இராது, பல ஆய்வகங்களில். ஆனால், வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் 2021-ஆம் ஆண்டு வாய்பாட்டில் போட்டால், இளைஞனின் சிறுநீரகம் வடிகட்டும் திறன் ஏறத்தாழ 95, மூதாட்டிக்கோ 52! 60-க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் அதற்கு நாட்பட்ட சிறுநீரக நோய் என்றே பெயர். குறி இல்லாத இடத்திலும் நோய் இருக்கிறது, பாருங்கள்!

சர்க்கரைச் சோதனையிலும் இந்தச் சிக்கல் உண்டு. வெறும் வயிற்றில் 126 மில்லிகிராம், மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி. 6.5 என்பவை நீரிழிவின் வாசற்படிகள். அறிகுறி இல்லாதவருக்கு இன்னொரு சோதனையும் அதையே சொன்னால்தான் முடிவு கட்டுவார்கள். சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்வதால் பிறந்த கணக்கு அந்த மூன்று மாதம். ஆகவே, இரும்புச்சத்துக் குறைந்து சோகை பிடித்தவருக்கு அந்த எண் மெய்யைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். சிவப்பணு விரைந்து அழியும் நோயில் குறைவாகக் காட்டும். இது ஏதோ ஓரிருவர் சிக்கலன்று. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்குச் சோகை!

அந்த 57 பேரை எண்ணும்போதுதான் எனக்குச் சினம் பொங்குகிறது. ஒருபுறம், தேவையில்லாத எழுபது சோதனைக்கு வழி இருக்கிறது. மறுபுறம், ஹீமோகுளோபின் என்கிற ஒற்றைச் சோதனை, விரல் நுனியில் ஒரு சொட்டு, அதையே வாழ்நாளில் செய்துகொள்ளாத நம் தாய்மார்கள்! கருவுற்றவருக்கு 11 கிராமுக்குக் கீழே, மற்றப் பெண்களுக்கு 12-க்குக் கீழே என்றால் சோகை. அறிய எளிது, பெரும்பாலும் தீர்க்கவும் எளிது. எந்தெந்தச் சோதனை எந்த நிலை மருத்துவமனையில் கட்டாயம் கிடைத்தாக வேண்டும் என்று 2018-ல் உலக நல நிறுவனம் ஒரு பட்டியல் வெளியிட்டது. 2019-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இந்நாட்டுக்கென ஒன்று தந்தது. சிற்றூர் வரையில் இன்னின்ன சோதனை வேண்டும் என்று அதிலே எழுதியிருக்கிறது. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தப் பட்டியலில் உள்ளவை கிடைக்கின்றனவா? கேட்டவர் உண்டா நம்மிலே? சாலைக்கும் குழாய்க்கும் மனு எழுதும் கை, இதற்கு எழுதக்கூடாதா?

மருத்துவமனைக்குத் துணை போகிறவர்கள் நம் தோழர்கள்தாம். ஊரில் யாருக்கு நோய் என்றாலும் முதலில் எழுப்பப்படுவது கிளைச் செயலாளர் வீட்டுக் கதவு. அப்படிப் போகும்போது வாய் திறந்து கேளுங்கள். அடக்கமாக, ஆனால் அச்சமின்றி. "ஐயா, இந்தச் சோதனை எதை அறிவதற்கு? விடை எப்படி வந்தால் மருத்துவம் மாறும்?" நல்ல மருத்துவர் முகம் மலர்ந்து விளக்குவார். இப்படி வந்தாலும் அப்படி வந்தாலும் மருந்து ஒன்றுதான் என்றால், பிறகெதற்கு அந்தச் செலவு என்று அடுத்த வினா தானே எழும்.

வெறும் வயிற்றில் என்றால் எட்டு மணி நேரம் உணவில்லை என்று பொருள். தண்ணீர் குடிக்கலாம், தேநீர் கூடாது. எத்தனை பாட்டிமார் தண்ணீரும் குடிக்காமல் வாடி வரிசையில் நின்று மயங்குகிறார்கள்! இதையேனும் படிப்பகத்துப் பலகையில் எழுதிப் போடுங்கள். உட்கொள்ளும் மருந்துகளை, நாட்டு மருந்தையும் சேர்த்து, மறைக்காமல் சொல்லச் செய்யுங்கள். கூடுமானவரை ஒரே ஆய்வகத்தில் பார்க்கச் சொல்லுங்கள். இடத்துக்கு இடம் கருவியும் எல்லையும் மாறும்.

பழைய சீட்டுகளை அடுப்பு மூட்ட விடாதீர்கள். தேதி வாரியாக ஓர் உறையில் கட்டி வையுங்கள். அந்த மூதாட்டிக்குப் போன ஆண்டு கிரியேட்டினின் 0.7, இந்த ஆண்டு 1.1. இரண்டு தாளிலும் உடுக்குறி இராது; தனித்தனியே பார்த்தால் இரண்டும் இயல்பு. ஓராண்டில் இத்தனை ஏறியிருக்கிறது என்பதை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் மருத்துவர் காண முடியும். பழைய தாளை எடுத்துப் போக வேண்டியவர் நீங்கள்.