தொப்புளைச் சுத்தி 14 ஊசி

முதல்லயே சொல்லிடறேன். சாப்பிட்டுக்கிட்டே படிக்காதீங்க. ஆட்டு மூளை, முயல் தண்டுவடம், ரத்தக் காட்டேரி எல்லாம் வரும். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

போன வாரம் ஓ.பி.யில் ஒரு பையன். தாமல் பக்கம் நெசவாளர் வீட்டுப் பிள்ளை, ஒன்பது வயசு. காய்ச்சல்னு அம்மா கூட்டிட்டு வந்தாங்க. சாதாரண சளிக் காய்ச்சல்தான். ஆனா உட்காரும்போது ஒரு காலை மட்டும் இழுத்து இழுத்து மறைச்சான். பேண்ட்டைத் தூக்கிப் பார்த்தா கெண்டைக்காலில் நாலு பல் பதிஞ்ச புண்ணு. மேல மஞ்சளும் காப்பித்தூளும் அப்பிக் காய்ஞ்சு கிடக்கு. அவனே சமையலறையில எடுத்துப் போட்டுக்கிட்டானாம்.

"எப்ப கடிச்சுது தம்பி?"

பதில் இல்லை. அம்மாவுக்கு அப்பதான் விஷயமே தெரியுது, அவங்க அழ ஆரம்பிச்சுட்டாங்க. கடைசியில மெதுவா சொன்னான். நாலு நாள் ஆச்சு. ஏரிக்கரையில பந்து பொறுக்கப் போனப்போ கடிச்சிருக்கு.

ஏன்டா வீட்டுல சொல்லலைன்னு கேட்டா, "தொப்புளைச் சுத்தி 14 ஊசி போடுவாங்கன்னு தாத்தா சொல்லியிருக்காரு டாக்டர்."

இந்த ஒரு வரியைப் பத்திதான் இந்த த்ரெட்.

தாத்தா பொய் சொல்லலைங்க. அவருக்கு நிஜமாவே போட்டிருப்பாங்க. உங்க வீட்டுல 50 வயசு தாண்டின யாரையாவது கேளுங்க, ஆளுக்கு ஒரு கதை வெச்சிருப்பாங்க. அந்த ஊசி எங்கிருந்து வந்துச்சு, அதுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சா இன்னும் பயப்படுவீங்க.

1885 ஜூலை 6, பாரிஸ். ஜோசப் மைஸ்டர்னு ஒரு பையன். அவனுக்கும் ஒன்பது வயசுதான். வெறிநாய் பல இடத்துல கடிச்சுக் குதறின பிள்ளையை, லூயி பாஸ்டர் கிட்ட அவங்கம்மா கூட்டிட்டு வர்றாங்க. பாஸ்டர் வேதியியல்காரர், டாக்டர் கிடையாது. ஊசி போட அவருக்கு உரிமை இல்லாததால பக்கத்துல ஒரு டாக்டரை வெச்சுதான் போட வைக்கிறார். ஊசியில இருந்த மருந்து என்ன தெரியுமா? ரேபிஸ் வந்து செத்த முயலோட தண்டுவடம். அதை நூல்ல கட்டி, அடியில் ஈரம் உறிஞ்சும் காரம் போட்ட கண்ணாடி ஜாடிக்குள்ள தொங்கவிட்டுக் காயவெப்பாங்க. நாள் ஆக ஆக கிருமியோட வீரியம் குறையும். ரொம்ப நாள் காய்ஞ்சதில் ஆரம்பிச்சு, நாளுக்கு நாள் வீரியம் கூடினதா, பத்து நாளில் 13 ஊசி. எல்லாம் வயித்துத் தோலுக்கு அடியில்.

பையன் பிழைச்சான். வளர்ந்து பெரிய ஆளாகி, பாஸ்டர் நிறுவனத்துலயே வாயில் காப்பாளரா வேலை பார்த்தார்.

அங்கிருந்து நம்ம நாட்டுக்கு வருவோம். இமாச்சலத்துல கசௌலி. 1911-ல் டேவிட் செம்பிள்னு ஒரு பிரிட்டிஷ் ராணுவ டாக்டர் வேற வழி கண்டுபிடிச்சார். ஆட்டுக்கு ரேபிஸ் கிருமியை ஏத்தி, அதோட மூளையை எடுத்து அரைச்சு, கார்பாலிக் அமிலம் போட்டுக் கிருமியைக் கொன்னுட்டு, அந்தக் கரைசலை ஊசியா போடறது. விலை கம்மி, நிறைய தயாரிக்கலாம். நம்ம குன்னூர்ல 1907-லயே பாஸ்டர் நிறுவனம் ஆரம்பிச்சாச்சு. தென்னிந்தியாவுல நாய் கடிச்சவங்களுக்கு ரொம்ப காலம் அந்த மலைதான் கதி. அங்கயும் இந்த ஆட்டு மூளை மருந்துதான் பல வருஷம் தயாராச்சு.

ஏன் வயித்துல? தொப்புளுக்குன்னு தனி மகிமை எதுவும் இல்லை. ஒரு ஊசிக்கு சில மில்லி கரைசல் உள்ள போகணும், அதுவும் தினமும். கையில அவ்வளவு இடம் இல்லை. வயித்துத் தோல் தளர்வா இருக்கும், இடம் மாத்தி மாத்திப் போடலாம். அவ்வளவுதான் காரணம். வலி இருந்தது, வீக்கம் இருந்தது. இன்னொரு பொருளோட மூளைத் திசு உடம்புக்குள்ள போறதால சிலருக்கு நம்ம நோய் எதிர்ப்பு சக்தியே நம்ம நரம்பைத் தாக்கி கை கால் செயலிழந்தும் போச்சு. ஊசியால இப்படி ஆனவங்க இருக்காங்கன்னு எங்க பாடப்புத்தகத்துலயே உண்டு. இதை நிறுத்துங்கன்னு உலக சுகாதார நிறுவனத்தோட நிபுணர் குழு 1984-லயே சொல்லிடுச்சு. நாம நிறுத்தினது 2004 கடைசியில. இருபது வருஷத் தாமதம்! அதைப் பத்திக் கோபப்பட இன்னொரு த்ரெட் வேணும்.

ஆக, தாத்தா சொன்ன பேய்க்கதை உண்மைக்கதை. ஆனா அந்தப் பேய் 2004-லயே செத்துப் போச்சு. ஒன்பது வயசுப் பையன் பொறக்கறதுக்குப் பத்து வருஷத்துக்கு மேல முன்னாடி. இருந்தும் அவன் நாலு நாள் அதுக்குப் பயந்து காலை மறைச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கான்.

இப்ப நான் பார்த்ததைச் சொல்றேன். ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப, ஒரு பெரிய ஆஸ்பத்திரி. நாப்பது வயசு இருக்கும், லோடு தூக்குற தொழில், நல்ல உடம்பு. "ரெண்டு நாளா தண்ணி குடிக்க முடியல சார், தொண்டை அடைக்குது"ன்னு நடந்தே வந்தார். என்கூட இருந்த சீனியர் ஒரு டம்ளர் தண்ணி கொடுக்கச் சொன்னார். டம்ளரைக் கையில வாங்கினார். வாய்கிட்ட கொண்டு போனதும் கழுத்து நரம்பெல்லாம் கயிறு மாதிரி புடைச்சு, தலை பின்னால இழுத்துக்கிட்டுப் போச்சு. டம்ளர் விழுந்துடுச்சு. அவரே பயந்து போய், "ஏன் சார் இப்படி ஆவுது?"ன்னு கேட்டார். சீனியர் ஒண்ணும் பேசலை. அப்பவே அவருக்குத் தெரியும்.

மூணு மாசத்துக்கு முன்னாடி வீட்டுல வளர்த்த நாய்க்குட்டி கையில லேசா கடிச்சிருக்கு. குட்டிதானேன்னு சுண்ணாம்பு தடவிட்டு வேலைக்குப் போயிட்டார். குட்டி அப்புறம் செத்துப் போச்சாம்.

படத்துல காட்டற மாதிரி நாய் போலக் குரைக்க மாட்டாங்க. அது கட்டுக்கதை. இதுல ரொம்பக் கொடுமை என்னன்னா, இழுப்பு வராத நேரத்துல அவருக்கு நினைவு தெளிவா இருந்துச்சு. பொண்ணு பேரைச் சொன்னார். பள்ளிக்கூட ஃபீஸ் எந்தப் பெட்டியில இருக்குன்னு மனைவிகிட்ட சொன்னார். ஃபேன் காத்து முகத்துல பட்டாலே தொண்டை இழுத்துக்கிச்சு. "ஃபேனை நிறுத்துங்க சார்"னு அவர் கேட்டது இன்னும் என் காதுல இருக்கு. ஏப்ரல் மாசம், அந்த வார்டுல ஃபேன் இல்லாம எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். மயக்க மருந்து கொடுத்து வலி தெரியாம பார்த்துக்கறதைத் தவிர எங்க கையில எதுவும் இல்லை. ரெண்டாம் நாள் ராத்திரி போயிட்டார்.

ஏன் தண்ணியைக் கண்டா இப்படி? கடிச்ச இடத்துலேர்ந்து இந்த வைரஸ் ரத்தத்துல போறதில்லை. நரம்பைப் பிடிச்சுக்கிட்டு, நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமா, தறியில நாடா ஓடற பாதை மாதிரி ஒரே தடத்துல மூளைக்கு ஏறுது. அதனாலதான் அறிகுறி வர வாரக்கணக்கிலிருந்து மாதக்கணக்கு ஆகுது. மூளைக்குப் போனதும் அங்கிருந்து எச்சில் சுரப்பிக்கு இறங்கிடும். எச்சில்தான் அதுக்கு அடுத்த வீட்டுக்குப் போற வண்டி. அந்த எச்சிலை விழுங்கிட்டா, தண்ணி குடிச்சுக் கழுவிட்டா வண்டி கிளம்பாது. விழுங்கறதையே முடக்கி, நாயோட மூளையில வெறியையும் ஏத்திவிட்டா, வாயெல்லாம் எச்சில் வழிய ஓடிப்போய் அடுத்ததைக் கடிக்கும். நுண்ணோக்கியில கூட சரியா தெரியாத ஒரு துகள், ஒரு மிருகத்தோட குணத்தையே தன் வசதிக்குத் திருப்பி வெச்சிருக்கு. மருத்துவம் படிச்ச எனக்கே இதை நினைச்சா உடம்பு சிலிர்க்கும்.

மனுஷங்க இதை ரொம்ப காலமா பார்த்துப் பயந்திருக்காங்க. இன்னைக்கு ஈராக்ல இருக்கிற எஷ்னுன்னாங்கிற பழைய ஊரோட சட்டத்துல, ஏறத்தாழ 3,900 வருஷத்துக்கு முன்னாடி, வெறிபிடிச்ச நாயைக் கட்டி வைக்காம விட்டு அது ஒருத்தரைக் கடிச்சுச் சாகடிச்சா உரிமையாளர் 40 ஷெக்கல் வெள்ளி கட்டணும்னு இருக்கு. செத்தது அடிமைன்னா 15-தான். நம்ம சுஸ்ருத சம்ஹிதையில, கடிபட்டவர் தண்ணியைப் பார்த்தோ, அதோட சத்தத்தைக் கேட்டோ நடுங்கினா பிழைக்க மாட்டார்னு எழுதி வெச்சிருக்காங்க. இத்தனை நூற்றாண்டுக்கு அப்புறம் என் சீனியர் டம்ளரைக் கொடுத்துப் பார்த்ததும் அதையேதான்.

ஐரோப்பாவுல ரத்தக் காட்டேரிக் கதை இருக்கே, ராத்திரி தூங்காது, கண்ணாடியைப் பார்க்காது, பூண்டு வாசனை ஆகாது, கடிச்சா கடிபட்டவரும் காட்டேரி ஆயிடுவார்னு? அதுக்கு வேர் ரேபிஸா இருக்கலாம்னு ஹுவான் கோமஸ் அலோன்சோங்கிற ஸ்பெயின் நரம்பியல் டாக்டர் 1998-ல் ஒரு கட்டுரை எழுதினார். எனக்கு முழுசா ஒப்புதல் இல்லை. ஆனா அந்த வார்டுல ஒரு ராத்திரி இருந்துட்டுப் படிச்சா சிரிக்கத் தோணாது.

மேற்கு வங்கத்து கிராமங்கள்ல இன்னொரு விசித்திரம். நாய் கடிச்சா வயித்துல நாய்க்குட்டி வளரும்னு நம்பறவங்க. ஆண்களுக்கும் வளருமாம்! 2003-ல் மனநல மருத்துவர்கள் இதைப் பதிவு பண்ணியிருக்காங்க. அந்தக் குட்டியைக் "கரைக்க" வைத்தியர்கிட்ட ஓடுவாங்க. நாம சிரிக்கலாம். ஆனா காப்பித்தூள் நாமதானே போடறோம்.

நாய்மேல எனக்கு விரோதம் இல்லைங்க. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர்ல ஒரு நடுகல் இருக்கு. காஞ்சியை ஆண்ட மகேந்திரவர்ம பல்லவனோட 34-ஆம் ஆட்சியாண்டு. எருமைகளுக்காகச் சண்டை போட்டுச் செத்த வீரனோட சேர்த்து, ரெண்டு கள்ளர்களைக் கடிச்சு, அங்கேயே காவல் நின்ன கோவிவன்ங்கிற நாயையும் கல்லுல செதுக்கி, பேரையும் வெட்டி வெச்சிருக்காங்க. 1,400 வருஷமா அந்த நாய்க்குப் பேர் இருக்கு. தெரு நாயைக் கொல்லணுமா காக்கணுமான்னு கமெண்டுல சண்டைக்கு வரப்போறவங்க தயவுசெஞ்சு இன்னைக்கு விட்டுடுங்க. நாய்க்கும் தடுப்பூசி போட்டா நம்ம ஓ.பி.யில பாதி வேலை குறையும், அவ்வளவுதான் என் கட்சி.

என் ஆதங்கம் வேற. உலகத்துல வருஷத்துக்கு சுமார் 59,000 பேர் ரேபிஸ்ல சாகறாங்கன்னு கணக்கு. மூணுல ஒரு பங்கு நம்ம நாட்டுல. ஆனா அந்தச் சாவை நேர்ல பார்த்தவங்க ரொம்பக் கம்மி. தனி அறையில, சாத்தின கதவுக்குப் பின்னாடி நடக்கற சாவு அது. ஊசியைப் பார்த்தவங்க ஊருக்கு நூறு பேர். அதனால ஊர் ஊசிக்குப் பயப்படுது. சாகடிக்கறதுக்குப் பயப்படலை, காப்பாத்தறதுக்குப் பயப்படுது. இதுல நம்ம பங்கும் இருக்கு. சோறு உண்ணாத பிள்ளையை "டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போட்டுடுவேன்"னு மிரட்டறோமே, அந்தப் பிள்ளை கடிபட்டா யார்கிட்ட வரும்? எனக்கும் கோபம் உண்டு. என்னைக் காட்டி மிரட்டற ஒவ்வொரு தடவையும் ஒரு பேஷண்ட் தள்ளிப் போறார்.

இப்ப என்ன ஊசி? ஆடும் இல்லை, முயலும் இல்லை, தொப்புளும் இல்லை. ஆய்வகத்துல வளர்த்த செல்லுல தயாராகறது. எங்ககிட்ட வந்தா ரெண்டு தோள்பட்டைத் தோலுக்குள்ளயும் ஒவ்வொரு சொட்டு அளவு. வந்த அன்னைக்கு, அப்புறம் 3, 7, 28-ஆம் நாள். நாலே நடை. ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் இலவசம். ரத்தம் வர்ற அளவுக்குக் கடிச்சிருந்தா புண்ணைச் சுத்தியே இன்னொரு மருந்தும் போடுவோம், அது வலிக்கும். வலிக்காதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா தடுப்பூசி வேலை செய்ய ஆரம்பிக்கறதுக்குள்ள நரம்புல ஏற விடாம வாசல்லயே மறிக்கறது அதுதான்.

அதுக்கும் முன்னாடி, கடிச்ச உடனே, குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. கடிகாரம் பார்த்து 15 நிமிஷம். ரெண்டு நிமிஷத்துல நமக்கு அலுத்துப் போயிடும், பரவாயில்லை, கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், எருக்கம்பால் எதுவும் வேண்டாம். குட்டி கடிச்சாலும், வீட்டு நாய் கடிச்சாலும், கீறினாலும், பூனை, குரங்குன்னாலும் வாங்க. நாய் சாகுதா பார்த்துட்டு வர்றேன்னு காத்திருக்காதீங்க. ஊசியை ஆரம்பிச்சுட்டு நாயைப் பாருங்க. நாலு நாள் ஆச்சே, ஒரு மாசம் ஆச்சே, இப்ப போனா திட்டுவாங்கன்னு நினைச்சா, திட்டு வாங்கிக்கிட்டாவது வாங்க. அறிகுறி வர்றதுக்கு முன்னாடி எப்ப வந்தாலும் நாங்க போடுவோம்.

அந்தப் பையனுக்கு அன்னைக்கே புண்ணைக் கழுவி, மருந்தும் ஊசியும் போட்டாச்சு. புண்ணுல போடும்போது அம்மா கையைக் கடிச்சுட்டான். "இப்ப எனக்கும் ஊசியா டாக்டர்?"னு அவங்க அழுகைக்கு நடுவுல சிரிச்சாங்க.

ஏழாம் நாள் தாத்தாவே கூட்டிட்டு வந்தார். ஊசி போட்டு முடிச்சு பருத்தியை வெச்சு அழுத்தினதும், பையன் சட்டையை மேல தூக்கி வயித்தைக் காட்டிக்கிட்டு நின்னான்.

"இங்க எப்ப டாக்டர்?"

"அங்க கிடையாது தம்பி. இன்னும் ஒரு தடவை, கையில. முடிஞ்சுது."

தாத்தா என்னையே பார்த்துக்கிட்டு இருந்தார். "எனக்கு பத்தாவது ஊசி அன்னைக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து ஓடிட்டேன் சார்"னு சொன்னார்.