ஆவியாய்ப் போகும் பொருள்

பெட்ரோல் பங்கில் வண்டியின் டாங்கியை நிரப்பும்போது மூக்கில் ஏறும் நெடியை அறியாதார் இலர். அதை வெறும் நெடியென்று கருதி விட்டுவிடுகிறோம். உண்மையில் அது நாம் விலை கொடுத்து வாங்கிய பெட்ரோலே. டாங்கியில் ஆவியாகி நிற்கும் அப்பொருளை, உள்ளே இறங்கும் புதிய பெட்ரோல் வெளியே தள்ளிவிடுகிறது. அந்த ஆவியைப் பிடித்துத் திரும்ப யந்திரத்துக்கே அளிக்கும் வழி அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகம் அறிந்தது. அவ்வழியில் நமது தேசம் பாதி தூரம் நடந்து நின்றுவிட்டது என்பதையே இன்று நாம் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நஷ்டம் எவ்வளவென்று முதலில் பார்ப்போம். தடுப்பு ஏதும் இல்லாவிடில், ஒரு லிட்டர் பெட்ரோல் நிரப்பும்போது ஏறக்குறைய ஒரு கிராம் ஆவி வெளியேறும். வெயில் காலத்தில் அதற்கு மேலும் போகும். 2023-24-ம் வருஷத்தில் நம் நாட்டில் செலவான பெட்ரோல் சுமார் 3 கோடியே 70 லட்சம் டன். அதாவது ஏறக்குறைய 5,000 கோடி லிட்டர். லிட்டருக்கு ஒரு கிராம் என்று வைத்துக் கணக்கிட்டாலும் வருஷத்துக்கு 50,000 டன் ஆகிறது. கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் அந்நிய நாடுகளிலிருந்து வாங்கும் தேசம் நமது தேசம். வாங்கிய பொருளைக் காற்றில் விடுவது விவேகமாகுமா?

மொத்தச் செலவில் இது ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு கூட இல்லையே என்று சிலர் கூறலாம். பணக் கணக்கில் அது சரியே. ஆனால் இந்த ஆவியின் கேட்டைப் பணத்தால் மட்டும் அளக்க முடியாது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கண்ணெரியும் புகைமூட்டம் பீடித்தபோது, ஹாகன் ஸ்மிட் என்ற ரஸாயன சாஸ்திரி 1950-களின் தொடக்கத்தில் அதன் காரணத்தைக் கண்டுரைத்தார். பெட்ரோல் ஆவி முதலிய ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் வெயிலில் கூடும்போது ஓஸோன் என்னும் நச்சுவாயு பிறக்கிறது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத நமது நகரங்களுக்கு இதைவிட எச்சரிக்கை வேறு வேண்டுவதில்லை.

அந்த ஆராய்ச்சியின் பயனாக, 1970-ம் வருஷத்து வண்டிகள் முதல் கலிபோர்னியாவிலும், 1971 முதல் அமெரிக்கா முழுவதிலும் டாங்கியின் ஆவியை அடக்கும் ஏற்பாடு கட்டாயமாயிற்று. ஏற்பாடு மிக எளியது. நுண்துளைகள் நிறைந்த ஒருவகைக் கரியை ஒரு சிறு கலத்தில் அடைத்து, டாங்கியுடன் குழாயால் இணைத்துவிடுகிறார்கள். வண்டி நிற்கையில் எழும் ஆவியைக் கரி பற்றிக்கொள்கிறது. யந்திரம் ஓடும்போது அதன் உறிஞ்சுவிசை, கரியின் ஊடே வெளிக்காற்றை இழுத்து, பற்றியிருந்த ஆவியையும் உடன் கொண்டுபோய் எரித்துவிடுகிறது. கரி மறுபடி வெறுமையாகி அடுத்த ஆவிக்குத் தயாராகிறது.

ஆனால் இந்தச் சிறு கலம், நிற்கும் வண்டியின் ஆவியைத்தான் தாங்கும். டாங்கியை நிரப்பும்போது திடீரென்று பெருகும் ஆவிக்கு அது போதாது. ஆகையால் கலத்தைப் பெரிதாக்கி, ஆவி வாய்வழியே திரும்பாதபடி நிரப்பு குழாயையும் மாற்றியமைத்தார்கள். 1994-ல் விதி செய்து, 1998 முதல் படிப்படியாக அமெரிக்கா இதை அமல் நடத்தியது. சீனாவும் 2020-ல் அமலுக்கு வந்த தன் ஆறாம் கட்ட விதிகளில் இதைச் சேர்த்துக்கொண்டது.

நம் நாட்டின் நிலை என்ன? 2020 ஏப்ரலில் அமலான பாரத் ஸ்டேஜ் 6 விதிகள், நிற்கும் காரிலிருந்து கசியும் ஆவி ஒரு சோதனைக்கு 2 கிராமுக்கு மேற்படலாகாது என்கின்றன. இது பாராட்டத் தக்கதே. ஆனால் நிரப்பும்போது எழும் ஆவியை வண்டியே அடக்க வேண்டுமென்று அவ்விதிகள் கேட்கவில்லை. அமெரிக்காவிலும் சீனாவிலும் கார் விற்கும் கம்பெனிகளில் பல இங்கும் கார் செய்கின்றன. அவற்றுக்கு இது கைவராத வித்தை அன்று. கேட்பவர் இல்லாததால் செய்யவில்லை, அவ்வளவே.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வகுத்த நெறிகளின்படி, புதிய பங்குகள் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடியிருப்பு ஆகியவற்றுக்கு 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இடமில்லாவிடில் கூடுதல் பாதுகாப்புடன் 30 மீட்டருக்குக் குறையலாகாது. மாதம் 300 கிலோலிட்டர் விற்கக்கூடிய புதிய பங்குகள் ஆவியை மீட்கும் கருவி வைக்கவும் வேண்டும். ஆகவே இந்த ஆவி ஆபத்தானது என்பதை அதிகாரிகளே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஆனால் குழாயைக் கையில் பிடித்து நிற்கும் தொழிலாளி 50 மீட்டர் தள்ளியா நிற்கிறான்? ஒரு முழ தூரத்தில் நிற்கிறான். மேனாடுகள் பலவற்றில் வண்டிக்காரர் தாமே ஐந்து நிமிஷத்தில் நிரப்பிக்கொண்டு போய்விடுகிறார். இங்கோ ஓர் ஏழைத் தொழிலாளி நாளெல்லாம் நின்று எல்லோருடைய ஆவியையும் சுவாசிக்கிறான். அதில் கலந்துள்ள பென்ஸீன் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்பது சந்தேகத்துக்கு இடமின்றி நிர்ணயமான விஷயம். சிறிய பங்கிலும் பழைய பங்கிலும் நிற்பவனுக்கு நுரையீரல் வேறாகிவிடுமா?

வண்டியில் பெரிய கலம் வைத்துவிட்டால் பங்குகளில் கருவி வேண்டுவதில்லை என்று வாதிப்போர் உண்டு. அமெரிக்க சர்க்காரும் 2012-ல் அவ்வாறு முடிவு செய்து, பங்குகளின் கடமையைத் தளர்த்தியது உண்மை. ஆனால் அங்கே அதற்குள் பெரும்பாலான வண்டிகளில் கலம் அமைந்துவிட்டது. நமது சாலைகளை நிறைப்பவையோ ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும். அவற்றின் சிறிய டாங்கியில் காருக்குரிய ஏற்பாட்டை அப்படியே புகுத்துவது எளிதன்று. ஆகவே இங்கே இரண்டும் வேண்டும்: புதிய கார்களில் பெரிய கலம், பழையது, சிறியது என்ற பேதமின்றிப் பங்குகளில் ஆவி மீட்கும் குழாய். இரண்டும் ஒன்றுக்கொன்று இடையூறு ஆகாதபடி, வாகன இலாகாவும் எண்ணெய் இலாகாவும் ஒருங்கே அமர்ந்து திட்டம் செய்ய வேண்டும்.

கருவியைப் பொருத்துவதோடு காரியம் முடிந்துவிடாது. பழுதான கருவி சுவரில் தொங்கும் படத்துக்குச் சமானம். வருஷந்தோறும் சோதித்து, முடிவை ஒவ்வொரு பங்கிலும் யாவரும் காண ஒட்டிவைக்க வேண்டும். மத்திய சர்க்கார் அடுத்த கட்ட வாகன விதிகளை வகுக்கும்போது இக்கோரிக்கையை ஏற்குமா என்பதைக் கவனித்துக் கேட்க வேண்டியது பொதுஜன ஊழியர்களின் கடமை. குழாயைப் பிடித்து நிற்பவனுக்குக் கேட்கும் அவகாசம் இல்லை. அவனுக்காகக் கேட்க வேண்டியவர் நாமே.